சக்கர நாற்காலிக்குப் பின்னால் பதினொரு கோட்டைகள்

இத்தாலியில், பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் எங்கள் பங்குக் கோவிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே தேத்தண்ணி கொடுப்பார்கள். எனக்கு வினை வந்தது அந்தத் தேத்தண்ணியோடுதான். எங்கள் பிள்ளைகள் சிலர் மலிவு விமானத்தில் பிரான்ஸ் போய், மூன்று நாளில் ஐந்து கோட்டைகளைப் பார்த்துவிட்டு வந்து, கைத்தொலைபேசியில் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் படத்திலும் முன்னால் அவர்களுடைய முகம் இருந்தது. கோட்டை எங்கோ காதுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"அங்கிள், நீங்கள் அந்தக் காலத்திலையே பிரான்ஸ் நாட்டுப்புறம் முழுக்கச் சுத்தினீங்களாம், உண்மையே?" என்று டிலானி கேட்டாள். நான் செய்த அதே வேலையை, வயதானவர்களைப் பராமரிக்கிற வேலையை, இப்போது செய்கிறவள் அவள்.

"ஓம் பிள்ளை. பதினொரு கோட்டை, மூண்டு குகை, எண்ணிக்கையில்லாத கோவில்."

"எது நல்லாயிருந்தது?"

நேர்மையாகச் சொன்னால், பிரான்சில் நான் மிக நன்றாகப் பார்த்தது சிஞ்ஞோராவின், அதாவது நான் பராமரித்த இத்தாலிய அம்மாவின், கொண்டையைத்தான். சக்கர நாற்காலியைப் பின்னால் நின்று தள்ளுகிறவனுக்குக் கண்ணுக்கு நேரே தெரிவது அதுதான். எந்த அரசன் எந்த அறையில் படுத்தான் என்று கேட்டால் தடுமாறுவேன். அந்தக் கொண்டையில் எத்தனை ஊசி இருந்தது என்று கேளுங்கள், உடனே சொல்கிறேன். பதினான்கு. தினமும் காலையில் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியவன் நான். ஆனால் டிலானி விடவில்லை. "எழுதித் தாங்கோ அங்கிள், கோவில் மலரிலை போடுவம்" என்றாள். ஓய்வு பெற்றவனுக்கு வேலை வைப்பதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை.

நான் பலெர்மோவுக்கு வந்த கதை எல்லோருடைய கதையும்தான், அதை இங்கே நீட்டப்போவதில்லை. மன்னாரில் எங்கள் ஊர்க் கோவில் கூரையில் ஷெல் விழுந்தது. நான் படகேறினேன். பிறகு ஏறாத வாகனமில்லை. இங்கே வந்து மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு கோடைகாலம் கோப்பை கழுவினேன். கபோ சந்தையில் மீன் பெட்டி தூக்கினேன். அனுமதியில்லாமல் இருந்தவர்களுக்கு வந்த ஒரு பொதுமன்னிப்பில் பெர்மெசோ, அதாவது தங்கும் அனுமதி, கிடைத்தது. பிறகு பங்குச் சாமி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஒரு அம்மா இருக்கிறார், கொஞ்சம் கண்டிப்பானவர்" என்றார். கடலைப் பார்த்து, கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான் அது.

சிஞ்ஞோரா, காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் விதவை. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து, அதிபராக இருந்து இளைப்பாறியவர். இடுப்பு எலும்பு முறிந்து சரியாகப் பொருந்தாததால் நாலு அடிக்கு மேல் நடக்க மாட்டார். கால்தான் போனது, அதிபர் பதவி போகவில்லை. உலகத்தில் உள்ள எல்லோரும் தன்னிடம் பரீட்சை எழுத வந்தவர்கள் என்பது அவருடைய எண்ணம். மரியதாஸ் என்ற என் பெயரை முதல்நாளே திருத்தி மாரியோ ஆக்கினார். தேவையென்று சொல்லி எனக்குக் கார் ஓட்டும் அனுமதிப் பத்திரம் எடுக்க வைத்தார். அதன்பிறகு நான் சமையல்காரன், சாரதி, தாதி எல்லாம் ஆனேன். ஆள் மட்டும் ஒன்றாகவே இருந்தேன்.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடைகாலத்தில் பிரான்ஸ் பயணம் வந்தது. தொர்தோஞ் ஆற்றுப் பக்கத்து நாட்டுப்புறம், அதன் வடக்கே உள்ள மேட்டுநிலம், கோட்டைகள், குகைகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழைய துறவிமடம். அதன் கல்வாசலில் செதுக்கப்பட்ட கடைசித் தீர்ப்புநாள் காட்சியை சிஞ்ஞோரா ஒரு மங்கிய புகைப்படத்தைக் காட்டியே நாற்பது வருடம் படிப்பித்திருந்தார். நேரில் பார்த்ததில்லை. திருத்த வேலைக்காக அந்த வாசலை மூடப்போகிறார்கள் என்று எங்கோ வாசித்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

அவர் பயணத்துக்கு அட்டவணை தயாரித்த விதத்தைச் சொல்ல வேண்டும். தட்டச்சு யந்திரத்தில், கார்பன் தாள் வைத்து, மூன்று பிரதி. எந்த நாள், எந்த ஊர், எந்தக் கோட்டைக்குள் எத்தனை மணிக்குப் போகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருகிறோம் என்று கால்மணிக் கணக்கில் இருக்கும். மழை பெய்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. மழைக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை.

நான் அதில் நாலாவது பிரதி எடுத்தேன்.

காரணம் என் அக்கா. பிலோமினா என்று பெயர். எனக்கு ஏழு வயதில் அம்மா செத்துப்போனா. அதன்பிறகு எனக்குச் சோறு போட்டதும் அடித்ததும் அக்காதான். சண்டை வந்து நாங்கள் சிதறினோம். அவ அத்தானோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தா, நான் பலெர்மோ. எட்டு வருடம் முகம் பார்க்கவில்லை. அத்தானுக்கு அங்கே தங்கும் கடதாசி கிடைத்தது. அக்காவுடையதை இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள், அதனால் அவ பிரான்சைவிட்டு வெளியே வர முடியாது. நான் விசா இல்லாமல் இத்தாலியைவிட்டு வெளியே போக முடியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மலைகளைப் பார்க்க ஆட்கள் உலகமெல்லாம் இருந்து வந்தார்கள், படம் எடுத்தார்கள்.

சிஞ்ஞோராவிடம் நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க முடியாத இடத்தில் நான் இருந்தேன். என் மனைவி ரீட்டாவும் மகளும் இன்னும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட, தன் வீட்டிலேயே தங்கவைப்பேன் என்று சிஞ்ஞோரா ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். "பிரான்ஸ் போய் வந்ததும் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். வேலை நாட்களில் சொந்தக்காரர் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பயணத்தில் எல்லா நாளும் வேலை நாள். அதனால் வாய் திறக்கவில்லை. நாலாவது பிரதியில், பாரிஸிலிருந்து வாகனத்தில் ஐந்து மணி நேரத்தில் வரக்கூடிய ஒரு கோட்டைக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் முதல் பன்னிரண்டரை வரை. சிஞ்ஞோராவின் அட்டவணையைப் போல நம்பக்கூடிய பொருள் இந்த உலகத்தில் வேறு இல்லை. அக்கா தொலைபேசியில் அழுதா. "அஞ்சு மணிக்கே வெளிக்கிடுவம் தம்பி" என்றா.

விசா கொடுக்கும் இடத்தில் பயணத்தின் நோக்கம் கேட்டார்கள். கோட்டைகள், குகைகள் என்றேன். அந்த மனிதர் என் கையில் இருந்த காய்ப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரித்திர ஆர்வம் கையில் காய்ப்பாக வராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிஞ்ஞோராவின் கடிதத்தைப் பார்த்துவிட்டு இருபது நாள் கொடுத்தார். வெளியே வந்ததும் சிஞ்ஞோரா என் கடவுச்சீட்டை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கள்ளர் பயம் என்றார். என்னைத்தான் களவு போகவிடாமல் வைக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

பலெர்மோவிலிருந்து ஜெனோவாவுக்குக் கப்பல், அங்கிருந்து கார். பயணம் முழுக்க நான் செய்த வேலையின் நுணுக்கங்களை இங்கே எழுதிவைக்கிறேன், டிலானி போன்றவர்களுக்குப் பயன்படும். கல் பதித்த சரிவில் இறங்கும்போது நாற்காலியை ஒருநாளும் முகம் முன்னாலே போக விடக்கூடாது. திருப்பி, நாங்கள் முதலில் பின்பக்கமாக இறங்க வேண்டும். அப்போது ஆள் எங்கள் நெஞ்சில் சாய்வார், பள்ளத்தில் விழமாட்டார். முன்னுக்கு உள்ள சின்னச் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டினால் இழுக்கக் கூடாது. கைப்பிடியைக் கீழே அமத்தி, முன்பக்கத்தைக் கிளப்பி, பெரிய சக்கரத்தில் மட்டும் உருட்ட வேண்டும். கபோ சந்தையின் மீன்தண்ணீர்க் கல்லில் பழகியவனுக்கு பிரெஞ்சு அரசர்களின் முற்றம் ஒன்றும் பெரிதில்லை. சுழல்படி வந்தால் நாற்காலியைக் கீழே விட்டு, ஆளை முதுகில் ஏற்ற வேண்டும். ஏறும்போது கதைக்கக் கூடாது. இந்த விதி தூக்குகிறவருக்கு மட்டும்தான். சிஞ்ஞோரா என் முதுகில் இருந்தபடி, எந்தப் படி எந்த நூற்றாண்டு என்று சொல்லிக்கொண்டே வருவார்.

பத்தரை மணிக்குக் கோப்பி. பிரெஞ்சுக்காரர் கோப்பி என்று கொடுப்பதை அவர் குடிக்க மாட்டார். ஒரு சின்ன வாயு அடுப்பும் கோப்பிக் கேத்திலும் எங்களோடு எல்லாக் கோட்டைக்கும் வந்தன. ஒரு கோட்டை முற்றத்தில், பீரங்கிக்குப் பக்கத்தில் நான் அடுப்பு மூட்ட, காவலாளி ஓடி வந்தார்.

"மாரியோ, அவரிடம் சொல், இந்தப் பீரங்கி இருநூறு வருடமாக நெருப்பைப் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு சந்தோஷம் இருக்கட்டும்" என்றார் சிஞ்ஞோரா.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அது அவருக்கும் தெரியும். காவலாளி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே போய்விட்டார். முதல்நாள் தொடங்கி எல்லா இடத்துக்கும் அவர் புள்ளி போட்டார், பத்துக்கு. ஆறுக்கு மேலே எதுவும் வாங்கவில்லை. பலெர்மோவில் இதைவிடப் பெரிது இருக்கிறது, இதைவிடப் பழையது இருக்கிறது என்பார். இருக்கிறதுதான். அங்கே அவர் ஒருநாளும் போனதில்லை.

குகைகளில் கல்லிலிருந்து கல் கூர்கூராகத் தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து நூறு வருடத்தில் ஒரு நகக்கண் அளவு வளரும் என்று வழிகாட்டி சொல்ல, எல்லோரும் ஆவென்று வாய் பிளந்தார்கள். நான் பிளக்கவில்லை. மூன்று தரம் பெர்மெசோ புதுப்பித்தவனுக்கு அந்த வேகம் பழக்கமானதுதான். பிறகு வாத்துக்குத் தொண்டையில் குழாய் வைத்துச் சோளம் திணிக்கும் பண்ணை ஒன்றைக் காட்டினார்கள். சிஞ்ஞோரா கொடுமை என்று முகத்தைத் திருப்பினார். எங்கள் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிற மாமிமாரைப் பார்த்த எனக்கு வாத்தின் நிலைமை புதிதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையுச்சியில் கூரை இல்லாத ஒரு கோட்டை. பீரங்கி அடித்து இடிந்த சுவர்கள், உள்ளே புல், சுவர் இடுக்கில் ஒரு அத்திமரம். வாசலில் டிக்கெட். ஆட்கள் குழந்தை குட்டியோடு வந்து, ஓட்டைச் சுவர் வழியாக ஆற்றைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று நின்றார்கள். எங்கள் ஊர்க் கோவிலும் அப்போது இதே கோலத்தில்தான் நின்றது. கூரையில்லை, உள்ளே புல். அதைப் பார்க்க யாரும் வரவில்லை, இருந்தவர்களும் ஓடிவிட்டோம். எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சிஞ்ஞோரா ஐந்து புள்ளி போட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

பதினொன்றே காலுக்கு, ஒரு நிமிடம் முந்தியுமில்லை பிந்தியுமில்லை, கோட்டை வாசலில் நின்றோம். வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு ஜெர்மன் கார் நின்றன, வேறொன்றும் இல்லை. உள்ளே போனோம். நான் வழிகாட்டியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். இந்த அடுப்படி எந்த வருடம், இந்தக் கதவு என்ன மரம், அந்த மான்கொம்பு யார் சுட்டது. என் உடைந்த இத்தாலிய மொழியை அந்தப் பெண் எப்படியோ விளங்கிக்கொண்டு சந்தோஷத்தில் பூரித்துப்போனாள். வேலைக்கு வந்து இவ்வளவு காலத்தில் ஒருவரும் அவளிடம் கேள்வி கேட்டதில்லைப் போலும். ஒவ்வொரு அறை யன்னலிலும் நான் தரிப்பிடத்தை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டரை ஆனது. முற்றத்துக்கு வந்ததும் சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லி, நாற்காலியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினேன். ஒரு மணி ஆனது.

"மாரியோ, நீ யாரையோ எதிர்பார்க்கிறாய்" என்றார் சிஞ்ஞோரா.

"இல்லை, சிஞ்ஞோரா."

"ஐந்து வருடமாக நீ ஒரு அடுப்படியைப் பற்றிக் கேட்டதில்லை. நான் நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். கடைசி வாங்குப் பலகையில் இருந்து வாசலைப் பார்க்கிறவனின் கழுத்து எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டேன். நிலத்தில் குந்தியிருந்தபடி, கையில் ஆணியோடு, அக்காவைப் பற்றி, எட்டு வருடத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே ரீட்டாவின் கடதாசி கிழிந்து விழுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"என் அட்டவணையைக் களவெடுத்து அனுப்பினாய்."

"ஆமாம், சிஞ்ஞோரா."

"எந்தப் பிரதி?"

"நாலாவது. நீங்கள் தட்டச்சு அடிக்கும்போது இன்னொரு கார்பன் தாள் வைத்தேன்."

"எழுத்துத் தெளிவாக இருந்ததா?"

"இருந்தது."

"நல்லது. அப்படியென்றால் பிழை அவர்களுடையது." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குத் துறவிமடம். அடுத்தநாள் காலையில் வாசலை மூடுகிறார்கள். அது எனக்கும் தெரியும். "நிழலில் தள்ளு" என்றார். "காத்திருப்போம்."

"துறவிமடம்?"

"அது தொள்ளாயிரம் வருடமாக நிற்கிறது. இன்றைக்குப் பிற்பகல் விழுந்தால் அது கட்டினவனின் குற்றம்."

இதற்குப் பிறகு நான் அவரோடு இருந்த ஒன்பது வருடத்தில், குழம்பு அடிப்பிடித்த நாளெல்லாம் அந்தத் துறவிமடத்தைச் சொல்லிக் காட்டினார். ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை, பார்க்காமலே செத்தார். ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி வேறு ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வான் வந்தது. இன்றைய பிள்ளைகள், லொகேஷன் அனுப்பியிருக்கலாமே, ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். அனுப்பியிருக்கலாம், அதைக் கண்டுபிடித்தவர்கள் கொஞ்சம் முந்தியே கண்டுபிடித்திருந்தால். நடந்தது இதுதான். அக்கா ஒருவரிடம் சொன்னா, அந்த ஒருவர் நாலு பேரிடம் சொன்னார். மரியதாசைப் பார்க்கப் போகிறோம், கோட்டையும் பார்க்கலாம் என்று ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவரை விட்டுவிட்டுப் போக எங்கள் சனத்துக்கு மனம் வராது, வெறுங்கையோடு போகவும் வராது. ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டிய வான் எட்டரைக்கு வெளிக்கிட்டது. கடைசியாக யாருடைய வீட்டிலோ இடியப்பம் அவிந்துகொண்டிருந்ததாம்.

வான் கதவு திறந்தது. அத்தான் இறங்கினார். அவருடைய தம்பி குடும்பம், மாடிவீட்டுக்காரர், ஞானஸ்நானத் தாய் தகப்பன், பிள்ளைகள், மூன்று அண்டா சாப்பாடு, சிஞ்ஞோராவுக்கு என்று ஒரு பட்டுச் சேலை, எல்லாம் இறங்கின. நான் வானுக்குள் எட்டிப் பார்த்தேன். வரவேண்டியவர் ஒருவரைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள்.

"அக்கா எங்கை அத்தான்?"

"வழியிலை பொலிஸ் மறிச்சுக் கடதாசி பாக்கிறாங்களெண்டு எதிர்ப்பக்கத்தாலை வந்த ஒருத்தன் சொன்னவன். எங்கள் எல்லாரிட்டையும் இருக்கு, அவவிட்டை இல்லை. அதாலை பக்கத்து ஸ்டேசனிலை இறக்கிவிட்டிட்டம். நாலு இருபதுக்குப் பாரிஸ் ரயில் இருக்கு, அதிலை ஏறிப் போறா. நீ வந்து பார்க்கிறதெண்டா உடனை வா."

எனக்கு அத்தானை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒன்பது பேரும் கோட்டை பார்க்க வந்திருக்கிறார்கள், என்னைப் பார்க்க வந்தவ ஒரு ஸ்டேசனில் தனியே இருக்கிறா. ஆனால் அவர்கள் முகத்தில் களவில்லை. ஒருத்தி மீன் கட்லட்டை எடுத்து சிஞ்ஞோராவின் கையில் வைத்துவிட்டாள். மிளகு கூட என்று சொல்லியபடி சிஞ்ஞோரா மூன்று சாப்பிட்டார். பிறகு, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"எவ்வளவு தூரம்?"

"நாற்பது நிமிடம் என்கிறார்கள்."

"அப்படியானால் ஏன் நிற்கிறாய்? என்னைக் காரில் ஏற்று."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டேசனுக்குப் போய்ச் சேர்ந்தோம். வயல்களுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டடம், ஒரு பிளாட்பாரம், ஒரு வாங்கு. வாங்கில் அக்கா இருந்தா. தலை நரைத்திருந்தது, யாரோ கொடுத்த குளிர்கோட்டுக்குள் ஆள் சுருங்கியிருந்தா. என்னைக் கண்டு எழும்பினா. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். கையை விட்டுவிட்டு ஓட அப்போதும் தோன்றவில்லை. இரண்டு பேரும் அழுதோம். நன்றாகவே அழுதோம், அந்த ஸ்டேசனில் வேறு யாரும் இல்லை. சிஞ்ஞோரா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த ரயில் நேர அட்டவணையை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

எட்டு வருடமாகச் சேர்த்துவைத்த கதை எவ்வளவோ இருந்தது. "சாப்பிட்டியே?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். பிறகு, கடவுளே, நான் அவவுக்குக் கோட்டையின் அடுப்படியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எந்த வருடம் கட்டினது, மான்கொம்பு யார் சுட்டது. அவவும் "அப்பிடியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தா. என் கையை மட்டும் விடவில்லை. அரைமணி நேரத்தில் பாதி இப்படியே போனது.

பிறகு அக்கா கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தா. அதற்குள் இரண்டு டிக்கெட் இருந்தது.

"ரெண்டு எடுத்திட்டன்" என்றா. "வா தம்பி. அத்தானோடை வேலை இருக்கு. நான் சமைச்சுத் தாறன். இந்த மனிசிக்குப் பின்னாலை எத்தினை வருசம் தள்ளிக்கொண்டு திரியப்போறாய்?"

"அக்கா, ரீட்டாவும் பிள்ளையும் அங்கை கிடக்குதுகள். பலெர்மோவிலைதான் அவைக்கு அலுவல் பார்க்கிறன்."

"அவையைப் பிறகு கூப்பிடலாம்."

"எந்தக் கடதாசியிலை அக்கா கூப்பிடுறது?"

தன்னிடமே கடதாசி இல்லாதவ என்ன சொல்லுவா? "எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லையடா" என்றா, மெதுவாக.

சிஞ்ஞோராவுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டு டிக்கெட் எல்லாப் பாஷையிலும் இரண்டு டிக்கெட்தான். கைப்பையைத் திறந்து என் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினார்.

"இது உன்னுடையது" என்றார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, நாலு அடிக்கு மேல் நடக்க ஏலாது, அந்த ஸ்டேசனில் உதவி கேட்க வேறு ஆளில்லை. "இந்த இடம் கொஞ்சம் சரிவு. போவதானால் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போ."

முடிவு தெரியாமல் டிலானிக்கு நித்திரை வராது, அதனால் பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பலெர்மோ வந்த மறுநாள் காலையில், கோப்பிக்கு முன்னமே, சிஞ்ஞோரா அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். வைக்கும் முன் அலுவலகம் அச்சடித்திருந்த வசனத்தில் இரண்டு பிழையைத் திருத்தினார். அடுத்த வருடம் ரீட்டாவும் மகளும் வந்தார்கள். மகள் இன்று சிசிலிக்காரி மாதிரித்தான் கத்துகிறாள். அக்காவுக்குக் கடதாசி கிடைத்தது, அதே வருடம் நோயும் கிடைத்தது. எங்கள் பெர்மெசோவோடு விசா இல்லாமலே பிரான்ஸ் போகலாம் என்று சட்டம் மாறியது. அந்தச் சட்டத்தில் நான் முதன்முதலாகப் போனது அக்காவின் அடக்கத்துக்கு. இடையில் எவ்வளவோ தரம் தொலைபேசியில் கதைத்தோம். அந்த இரண்டாவது டிக்கெட்டைப் பற்றி அவ ஒருநாளும் ஒரு சொல் கேட்கவில்லை.

ரயில் வந்து நின்றது. அக்கா ஏறி, கதவில் நின்று என்னைப் பார்த்தா. நான் குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன், முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். பொய் சொல்ல மாட்டேன், போவதற்காகத்தான் போட்டேன். குனிந்திருந்தபோது சிஞ்ஞோராவின் சப்பாத்துக் கயிறு கண்ணில் பட்டது, காலையில் நான் கட்டின முடிச்சு. கால் வீங்கி அது இறுகியிருந்தது. என் மகள் பிறந்து நாலு மாதத்தில் நான் படகேறினேன், அவளுக்கு ஒரு சப்பாத்தும் நான் கட்டிவிட்டதில்லை. நிமிர்ந்தேன். பிரேக் போட்டதைக் கண்ட அக்கா சிரித்துக்கொண்டு, பையை இழுத்து எடுத்து, கதவடியில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றா. நான் கைப்பிடியை விடவில்லை. கதவு மூடும்வரைக்கும் அவ அந்த இடத்தை அப்படியே வைத்திருந்தா.